இலானா விழுங்கும் நேரம்

கரண்டி காற்றில் நிற்கிறது, அதிலிருக்கும் கஞ்சி ஆடை கட்டத் தொடங்கிவிட்டது, அதற்கு அப்பால் அப்பாவின் வாய், உதட்டின் வலது ஓரம் லேசாகக் கீழே இழுத்திருக்க, மற்றதெல்லாம் பூட்டுப் போட்ட கடை மாதிரி மூடிக்கிடக்கிறது, எனக்குத் தோள் கடுக்கிறது, ஆனாலும் கையை இறக்க மாட்டேன், இறக்கினால் நாளைக் காலை பத்து மணிக்கு வண்டி வரும், ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் இறக்குவார்கள், போன வாரமே இரண்டு தடவை அவர் பிடுங்கி எறிந்த குழாய், அதற்குத் தண்டனையாக அவருடைய நல்ல கையை, பக்கவாதம் விட்டுவைத்த அந்த ஒரே இடது கையை, கட்டில் கம்பியோடு துணியால் கட்டிப்போட்டார்கள், அவர் கத்தவில்லை, பேச்சு போய்விட்டதே, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு கிடந்தார், முப்பத்தைந்து வருடம் கரமடி இழுத்தவர், கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கடலையே இழுத்துப் போடுகிற வலை அது, முடிச்சைப் பற்றி அவருக்கு ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொண்டை நல்லாத்தாம்மா இருக்கு, விழுங்க முடியும், விழுங்க மாட்டேங்கிறாரு, ரெண்டு நாள் வீட்டில வச்சுப் பாருங்க, இல்லன்னா குழாய்தான் என்று டாக்டர் சொன்னார், இது இரண்டாவது நாள், மதியம். அம்மா பின்னால் நின்று, மக்களே, பைய கொடு, பைய கொடு என்கிறாள், பையத்தானம்மா கொடுக்கேன், இதுக்கு மேல பைய கொடுத்தா கஞ்சி காஞ்சு கல்லாயிரும் என்று கத்துகிறேன், நான் கத்தினால் அப்பாவின் உதடு இன்னும் இறுகுகிறது, எனக்கு அது தெரிகிறது, தெரிந்தும் கத்துகிறேன், இந்த வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், எனக்குத் தெரிந்ததை எல்லாம் நான் கத்தித்தான் சொல்லியிருக்கிறேன்.

காற்றில் நிற்கிற இந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், இது என்னுடையதல்ல, தெக்ளா அக்காவின் கை, அவள் பாடும்போது இடது கையால் மட்டும்தான் கீபோர்டு வாசிப்பாள், வலது கை நெஞ்சுக்கு நேராகக் காற்றில் நிற்கும், கட்டைவிரலும் இரண்டு விரல்களும் எதையோ பிடித்திருக்கிற மாதிரி, கோயில் பின்தெருப் பிள்ளைகள் அவளுக்கு ஒத்தக்கை பாகவதர் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவள் அதற்கும் திரும்பிப் பார்த்துக் கும்பிடு போடுவாள். நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது எங்கள் கரையை விட்டு இஸ்ரேலுக்கு வயசானவர்களைப் பார்க்கிற வேலைக்குப் போனவள், நான் கல்லூரி கடைசி வருடம் படிக்கும்போது ஒரு பழுப்புக் கம்பளிக் கோட்டோடு திரும்பி வந்தாள், உச்சி வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மீன் ஏலம் போகிற இடத்தில் நிற்பாள், வேர்க்கலையாக்கா என்றால், வேர்க்குது, அதுக்கு என்பாள். வேலை பார்த்த யூத வீட்டுப் பழக்கத்தில் சனிக்கிழமை அடுப்பு மூட்ட மாட்டாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் பெஞ்சில் இருப்பாள், ஏட்டி, ஒனக்கு ரெண்டு சாமியா என்று பெண்கள் கேட்டால், சாமி ஒண்ணுதான், லீவு ரெண்டு என்பாள். பாட்டு அவளே எழுதுவாள், மெட்டும் அவளே, கரமடி இழுக்கிற பாட்டில் தொடங்கும், நடுவில் எங்கோ ஜாஸ் என்று அவள் சொல்கிற கோணல் படியிறங்கி, அங்கிருந்து எபிரேயத்துக்குள் போய், திரும்பி வந்து நம்ம ஊர்ச் சந்தில் நிற்கும், பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்த ஏஜெண்டைப் பற்றி ஒரு பாட்டு, நின்றுபோன லிஃப்டைப் பற்றி ஒரு பாட்டு, நாகர்கோவிலில் மெல்லிசைக் குழு நடத்துகிற ஒருவர் கேட்டுவிட்டு, குரல் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, ஆனா இது பாட்டா எளவா என்றார், ரெண்டும்தான் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தப் பதிலில்தான், எனக்கும் நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்ல வேண்டும், ஆனால் நான் சொன்னால் சண்டையாகிவிடும், அவள் சொன்னால் சிரிப்பாகிறது.

இஸ்ரேலில் அவள் வேலை பார்த்த ஹைஃபாவுக்கு நான் போனதில்லை, ஆனால் அந்த வீட்டுச் சமையலறை எனக்குத் தெரியும், மூன்றாவது மாடி, ஜன்னலில் துறைமுகம், கிரேன்கள் குனிந்து நிமிர்கின்றன, கூடத்தில் ஒரு பியானோ, அதன் முன் சக்கர நாற்காலியில் இலானா என்கிற கிழவி, ஒருகாலத்தில் ஹோட்டலில் ஜாஸ் வாசித்தவள், இப்போது மகன் பெயர் தெரியாது, தன் பெயர் தெரியாது, வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவளை விட்டு இறங்கிப் போய்விட்டன, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள், ஒரு பருக்கை உள்ளே போகாது, தெக்ளா அக்கா கரண்டியும் கையுமாக எதிரே நிற்கிறாள், ஜன்னலுக்கு வெளியே என் அப்பா வலை இழுக்கிறார், இல்லை, அது கனவில், அங்கே அப்பா எப்படி வருவார், ஆனால் எனக்கு எப்போதும் அந்த ஜன்னலில் அப்பாதான் இழுத்துக்கொண்டிருக்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது. ஒருநாள் அக்கா எரிச்சலில் இடது கையால் பியானோவில் சும்மா ஓங்கி ஒரு அடி அடித்திருக்கிறாள், தப்பான சுரம், கிழவிக்குப் பொறுக்கவில்லை, திட்ட வாயைத் திறந்தாள், திறந்த வாய்க்குள் கரண்டி போய்விட்டது. அதுல பிடிச்சிக்கிட்டேன்ட்டி என்பாள் அக்கா, தப்பா வாசிச்சா கெழவி வாயத் தொறப்பா, நானும் தெனமும் விதவிதமாத் தப்பா வாசிச்சேன், தப்பா வாசிச்சு வாசிச்சு எனக்கு ஜாஸ் வந்திருச்சு. பிறகு கிழவியிடம் மிச்சமிருந்த எபிரேயப் பாட்டுகளை அவளோடு சேர்ந்து பாடினாள், அவை தீர்ந்ததும் நம்ம கரைப் பாட்டைப் பாடினாள், இலானா ஒரு விரலால் அதற்குக் கீழே ஏதோ ஒரு சுரத்தை வைப்பாளாம், வைத்ததும் பாட்டு திரும்பி நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்குமாம், கிழவி செத்த பிறகுதான் அக்கா ஊருக்குத் திரும்பினாள். இங்கே வந்து பாடுகிற ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வரி முடிந்ததும் அக்கா நிறுத்துவாள், கீபோர்டும் நிற்கும், ஆறு எண்ணுகிற அளவுக்கு ஒன்றுமே இருக்காது, பிறகு அடுத்த வரி, அடுத்த வரி மறந்துபோய்த் தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன், கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நான் கேட்கிற சாதி இல்லை.

போன திருவிழா ஒன்பதாம் நாள், சாயங்காலம், கோயில் முற்றத்து மேடையில் மெல்லிசைக்கு முன்னால் அவளுக்குக் கால் மணி நேரம் கொடுத்தார்கள், நான் மிக்சரில் ஒயர் சொருகி, கூட்டத்துக்குள் ஒரு மைக் வைத்துப் பதிவு செய்கிறேன், எங்கள் கரைப் பெண்ணின் முதல் ஆல்பம், அதை எடுக்கிறவளும் எங்கள் கரை, கல்லூரியில் என்னைப் பார்த்து, உங்க ஊர்ல மீன் விக்கிறவங்கதானே நல்லா சத்தம் போடுவாங்க என்று சிரித்தவர்கள் எல்லாரும் கேட்க வேண்டும் என்று எனக்கு வெறி. முதல் நிறுத்தத்தில் சவுண்டு சர்வீஸ்காரர் பதறி ஒயரை ஆட்டுகிறார், மைக் செத்துப்போச்சு என்று நினைத்துவிட்டார், இரண்டாம் பாட்டில் எபிரேயம் வந்தது, ஓத் கப்பீத், ஓத் கப்பீத் என்று அவள் உருக உருக, முன்வரிசைப் பெரியவர்கள் தலைகுனிந்து சிலுவை போட்டுக்கொள்கிறார்கள், ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டு முழந்தாளிட்டே விட்டாள், ஆண்டவர் பேசின பாஷையல்லவா, பங்குத்தந்தை மேடை ஓரமாக வந்து, மகளே, இது பைபிள்ல எந்தச் சங்கீதத்துல வருது என்று மெதுவாகக் கேட்டார், அக்கா மைக்கைப் பொத்தாமலே சொன்னாள், சங்கீதம் இல்ல சாமி, இன்னும் ஒரு கரண்டின்னு அர்த்தம். முற்றமே சிரித்தது, பங்குத்தந்தையும் சிரித்துவிட்டு, அதுவும் செபம்தான் என்று போய்விட்டார், அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். மூன்றாவதாகக் கரமடிப் பாட்டு, கயிறு நனைஞ்சு கை நனைஞ்சு கரையில கெடக்கு பாதிக் கடல் என்று ஒரு வரி பாடி நிறுத்துகிறாள், அந்த வெற்றிடத்தில், கடைசி வரிசையிலிருந்து, ஏலோ என்று ஒரு குரல், நாற்பது ஆள் இழுக்கிற கயிற்றுக்குப் போடுகிற குரல், கொடிமரத்தில் மோதித் திரும்புகிறது, அது அப்பா, சாரத்தை மடித்துக் கட்டி, நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, கண்ணை மூடி. கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டது, நான் ஹெட்போனைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டேன். மேடைக்குப் பக்கத்தில் நின்ற என் கல்லூரித் தோழி, யாருடி அது, குடிச்சிருக்காரா என்றாள், ஆமா என்றேன். அப்பா குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது. அதை விட்ட நாளில் என் தலையில் கைவைத்து, மக்களே, இனி குடி இல்ல, கேட்டியா என்று சத்தியம் செய்தார், சரிப்பா என்று தலையாட்டினவள் நான். ஆமா என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

எனக்குச் சோறு போடுகிற வேலை வெட்டுகிற வேலை, வடசேரியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங், மாப்பிள்ளை இருமினால் வெட்டு, மாமியார் முகம் சுளித்தால் வெட்டு, தாலி கட்டும்போது ஐயர் மூச்சு வாங்கினால் வெட்டு, சத்தம் இல்லாத இடத்தைத் திரையில் பார்த்தாலே என் விரல் தானாகப் போகும், நேரான கோடு, அது எனக்குப் புண் மாதிரி. அக்காவின் பதிவில் எண்பத்தேழு நேரான கோடுகள், எல்லாவற்றையும் வெட்டினேன், வரியோடு வரியை ஒட்டினேன், அப்பாவின் ஏலோவை வெட்டும்போது மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் அதிகமாகவே விட்டு வெட்டினேன், வாலும் தலையும் தெரியக்கூடாது, இனி எவனும் நடுவில் நுழைய இடமிருக்கக்கூடாது. பாட்டுகள் ஓடின, நகரத்துப் பாட்டு மாதிரி விறுவிறுவென்று, நான் பெருமையாக இணையத்தில் ஏற்றிவிட்டு அக்காவை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டேன். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டாள், வலது கை வழக்கம்போலக் காற்றில் எழும்பியது, கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் ஆடியது, எங்கே போவது என்று தெரியாமல் முழித்தது, பிறகு மடியில் விழுந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஏட்டி, அவ ஒரு வாய்கூடச் சாப்பிடலயே என்றாள். யாரு என்றேன். இலானா, நான் நிறுத்துறது அவ விழுங்குறதுக்குட்டி, ஆறு எண்ணினாத்தான் அவளுக்கு எறங்கும், நீ எண்பத்தேழு கரண்டியத் தட்டிவிட்டுட்டியே, பட்டினி போட்டுட்டியே. எனக்குச் சுருக்கென்றது, சுருக்கென்றால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும், செத்துப்போனவளுக்கு என்னத்துக்குக் கரண்டி, கேட்கிறவனுக்கு அது வெறும் ஓட்டைதான்க்கா, ஓட்டைய அடைச்சேன், நன்றி சொல்லாட்டாலும் போவுது என்றேன். அவள் எழுந்து நின்று கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள், சரி எம்மா என்றாள், அவ்வளவுதான், திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், எல்லாம் முடிந்து மறுநாள் பேசியிருப்போம், சரி என்று சொல்லிவிட்டுப் போகிறவளை என்ன செய்ய முடியும். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் அக்கா வீடு இருக்கிற கோயில் பின்தெரு வழியாக நடக்கவில்லை.

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து போனை எடுத்தேன், தெக்ளா அக்காவை அழைத்தது நான்தான், எடுத்தவள் ஹலோகூடச் சொல்லாமல், ஒங்கப்பா சாப்பிட்டாரா என்றாள், கரையில் சேதி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இல்லக்கா. நான் வரட்டா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், என்ன திமிர் எனக்கு, இப்போதும் புரியவில்லை, வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆறு எண்ணினாளோ என்னவோ, பிறகு, அந்தப் பழைய பதிவு, வெட்டாதது, அழிச்சிட்டியா என்றாள். இல்ல, டிஸ்க்ல கெடக்கு. கொள்ளாம் என்றாள், வைத்துவிட்டாள். என்னத்துக்குக் கேட்டாள் என்று யோசித்துக்கொண்டே லேப்டாப்பைத் தூக்கிவந்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தேன், முதலில் இணையத்தில் இருக்கிற வெட்டிய பாட்டைப் போட்டேன், அப்பா மோட்டுவளையைப் பார்த்தார், ஒரு பல்லியைப் பார்க்கிற மாதிரிகூட இல்லை, கரண்டி உதட்டில் முட்டி நின்றது. பிறகு பழைய பதிவு. ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங், ஜெனரேட்டர், ஒரு குழந்தை, கடல், அந்தக் கடலையும் நான் வெட்டியிருக்கிறேன், தெக்ளா அக்கா பாடுகிறாள், கயிறு நனைஞ்சு கை நனைஞ்சு கரையில கெடக்கு பாதிக் கடல், நிறுத்துகிறாள், ஏலோ. அப்பாவின் கண் திரும்பியது, இரண்டு கண்ணும், யாரோ வாசலில் நின்று கூப்பிட்ட மாதிரி. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் கேட்காத குரல் அது. கூட்டம் சிரிக்கிறது, அந்தச் சிரிப்பைத் தாண்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை, அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேடைக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டேன், வெட்டும்போது திரையைப் பார்த்து, அதற்குப் பின் வந்ததை எல்லாம் கூட்டத்து இரைச்சல் என்று வெட்டினேன், காது கொடுக்கவில்லை, இப்போதுதான் கேட்கிறேன், சிரிப்பு அடங்குகிறது, அக்கா அடுத்த வரிக்குப் போகவில்லை, தப்பான ஒரு சுரத்தை அப்பாவின் குரலுக்குக் கீழே வைக்கிறாள், இலானா வைத்த மாதிரி, மெல்ல, பிறகு அடுத்த வரி, நிறுத்தம், இந்த முறை ஏலோ ஒரு குரல் இல்லை, மூன்று நான்கு கிழட்டுக் குரல்கள், அப்பாவோடு இழுத்தவர்கள், அதற்கடுத்த நிறுத்தத்தில் முற்றம் முழுக்க, பெண்களும்கூட, யாரும் சிரிக்கவில்லை. நான் யாருக்காக வெட்கப்பட்டேனோ அவர் ஒரு ஊரையே இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார், நான் மேடைக்குப் பின்னால் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நான்காவது நிறுத்தத்தில் அப்பாவின் உதடு பிரிந்தது, சத்தம் இல்லை, வெறும் காற்று, பல்லுக்கு நடுவில் ஒரு கரண்டி அளவு இருட்டு, நான் ஊட்டிவிட்டேன், கஞ்சி உள்ளே போனது, கன்னத்தில் நின்றது, ஆனால் லேப்டாப் நிற்காதே, அடுத்த வரி வந்துவிட்டது, அடுத்த ஏலோ வந்துவிட்டது, அப்பா அதற்கும் வாயைத் திறக்கப் பார்த்து இருமுகிறார், ஐயோ நிறுத்துட்டி நிறுத்துட்டி என்று அம்மா, நிறுத்தினேன், அவர் மெல்ல விழுங்கினார், நான் எண்ணினேன், பதினொன்று. இலானாவுக்கு ஆறு, அப்பாவுக்குப் பதினொன்று, பதிவு காத்திருக்காது, ஆள்தான் காத்திருக்க முடியும். அப்பா என்னையே பார்க்கிறார், பாடுட்டி என்கிறாள் அம்மா, நானா, எனக்கு எங்கம்மா பாட வரும், தப்பாப் பாடு, பரவாயில்ல, ஒன் குரலுக்குத் தப்பாத்தான் வரும் என்று அழுகையோடு சிரிக்கிறாள், ஒருநாளும் என்னைக் கிண்டல் செய்யாதவள். பாடுகிறேன், கயிறு நனைஞ்சு கை நனைஞ்சு, என் குரல் கத்திப் பழகிய குரல், உடைந்து கோணலாகப் போகிறது, கோணலுக்கு அப்பாவின் புருவம் சுளிக்கிறது, கரையில கெடக்கு பாதிக் கடல், நிறுத்துகிறேன், நிறுத்துவது எவ்வளவு கடினம், அந்த இடத்தில் எத்தனை வார்த்தை முண்டியடிக்கிறது, மன்னிச்சிருங்கப்பா, நீங்க குடிக்கல, நான்தான் பொய் சொன்னேன், ஒன்றையும் சொல்லவில்லை, அந்த இடம் எனக்கானதில்லை. மதிய வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுகிறது, ஜன்னலில் துறைமுகம் தெரிகிறது, கிரேன்கள் குனிகின்றன, இல்லை, எங்கள் கரைதான், வலை காயப்போட்டிருக்கிறார்கள், கோட்டுப் போட்ட ஒருத்தி வெயிலில் எங்கள் வாசலைப் பார்த்து வருகிறாள், வேண்டாம் என்று நான் சொன்னது அவள் காதில் விழவேயில்லை போல, கஞ்சி முடிந்ததும் அந்த வெட்டிய ஆல்பத்தை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், எண்பத்தேழையும் திரும்ப ஒட்ட வேண்டும், முதலில் இது முடியட்டும், ஒன்பது, பத்து, கரண்டி காற்றில் நிற்கிறது, அப்பாவின் வாய் திறந்திருக்கிறது, ஏ என்று ஒரு சத்தம், பாதிதான், மிச்சம் பாதி தொண்டையில் நிற்கிறது, நான் அதற்குக் காத்துக்கொண்டு ஊட்ட மறந்து நிற்கிறேன், வாய் தயாராகிவிட்டது, தாமதம் இப்போது கரண்டியுடையது, பார்த்துப் பார்த்துப் பொறுமை போனவர், கட்டிப்போட்ட காயம் இன்னும் ஆறாத அந்த இடது கையைத் தூக்கி, என் மணிக்கட்டைப் பற்றி, நனைந்த கயிற்றைப் பற்றுகிற பிடியில், லோ என்று தன் பக்கம் இழுக்கிறார்.